தீவுப் படகுப் பயணம்: பயணியின் உரிமைகளும் இழப்புக்கான தீர்வுகளும்

செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமானபோது மாமல்லபுரம் முதலிய கரையோரப் பகுதிகள் அதனுடன் சேர்ந்துவிட்டதால், இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலை பாலாற்றைக் கடக்கும் ஓரிக்கையிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே கிடக்கிறது. இப்பகுதி மக்களுக்குப் படகு அன்றாட வாகனம் அன்று. விடுமுறையில், குழுவாக, பெரும்பாலும் முதன்முறையாக ஏறும் ஒன்று. பேருந்தில் கூட்டம் மிகுந்தால் அடுத்ததில் வரலாம் என்று தயங்காமல் சொல்லும் ஒருவர், படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதை அறியாததால், ஏறச் சொன்னதும் ஏறிவிடுகிறார். இந்த அறியாமையின் விலையைக் காஞ்சிபுரம் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்திருக்கிறது.

2014 ஜனவரி 26, குடியரசு நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை. அந்தமான் தலைநகர் போர்ட் பிளேரை அடுத்த கடலில், ராஸ் தீவிலிருந்து நார்த் பே நோக்கிச் சென்ற ‘அக்வா மெரின்’ என்ற தனியார் சுற்றுலாப் படகு மூழ்கியதில் 21 பேர் உயிரிழந்தனர். படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகச் சுற்றுலா சென்றவர்கள். 25 பேரை ஏற்றுவதற்கு அனுமதி பெற்றிருந்த அந்தப் படகில் ஏறத்தாழ அதைப்போல் இருமடங்கினர் ஏற்றப்பட்டிருந்தனர்.

பிற்காலத்தில் அவ்விடங்களின் பெயர்கள் மாறியுள்ளன. ராஸ் தீவு 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனவும், போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனவும் அழைக்கப்படுகின்றன. ஆயினும் பயணத் திட்டம் அன்றுபோலவே இருக்கிறது. நகரின் படகுத்துறையிலிருந்து காலையில் கிளம்பி, ஆங்கிலேயர் ஆட்சிக்காலக் கட்டடங்களின் இடிபாடுகள் நிற்கும் ராஸ் தீவையும், பவளப்பாறைகளுக்குப் பேர்பெற்ற நார்த் பேயையும், நேரமிருந்தால் வைப்பர் தீவையும் பார்த்து மாலைக்குள் திரும்புவது வழக்கம். தீவுகள் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருப்பதால் ஆபத்தில்லை என்ற எண்ணம் பயணிகளுக்கு எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் நீந்தத் தெரியாதவருக்குக் கரையின் அருகாமை எந்தப் பாதுகாப்பும் அன்று.

படகு ஏன் கவிழ்கிறது என்பது விளங்கினால்தான் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையின் பொருளும் விளங்கும். ஒரு பக்கம் சாய்ந்த படகு தானாக நிமிர்ந்து பழைய நிலைக்கு வரும் ஆற்றலை நிலைப்புத்திறன் என்பர். எடை கூடக்கூடப் படகு நீரில் ஆழ இறங்குகிறது. நீர்மட்டத்துக்கும் படகின் மேல்விளிம்புக்கும் இடையிலுள்ள உயரம் குறைகிறது. அந்த நிலையில் சிறிய அலைகூட உள்ளே நீரைக் கொட்டிவிடும். உள்ளே புகுந்த நீர் ஓரிடத்தில் நிற்காமல் படகு சாயும் பக்கமே ஓடுவதால் சாய்வு மேலும் மிகுகிறது. மேல்தளத்தில் ஆட்கள் நிற்கும்போது எடையின் மையம் உயர்ந்து நிமிரும் ஆற்றல் இன்னும் குன்றுகிறது. இவை அனைத்தையும் கணக்கிட்டே ஆய்வாளர் ஒரு படகுக்கு உரிய எண்ணிக்கையை நிர்ணயிக்கிறார். ஆகவே 25 என்பது இருக்கைகளின் எண்ணிக்கை மட்டுமன்று, படகு நிமிர்ந்து எழுவதற்கான எல்லை. ‘இன்னும் ரெண்டு பேர் தானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

பிற விபத்துகளும் இதையே வெவ்வேறு வகையில் காட்டுகின்றன. தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று, சுற்றுலாவுக்காக மாற்றியமைக்கப்பட்ட மீன்பிடிப் படகு இருட்டிய பின்னும் ஓட்டப்பட்டுக் கவிழ்ந்ததில் 22 பேர் மாண்டனர். மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குச் சென்ற ‘நீல்கமல்’ படகின்மீது 2024 டிசம்பர் 18 அன்று கடற்படையின் விரைவுப் படகு மோதியதில் 15 பேர் உயிரிழந்தனர். அங்கே மோதல் பயணிகளின் படகினால் நேர்ந்ததன்று. எனினும் அந்தப் படகிலும் அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதலானோர் இருந்தனர் என்பதும், விபத்துக்குப் பின்னர்தான் அத்தடத்தில் உயிர்காப்புச் சட்டை அணிவது கட்டாயமாக்கப்பட்டது என்பதும் கவனத்துக்குரியவை.

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததையடுத்து அங்குச் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் மீன்பிடிப் படகுக்காரரிடம் தனியாகப் பேசி ஏறிக்கொள்வது பலருக்குத் தவறாகத் தோன்றுவதில்லை. மீன்பிடிப்பதற்கென்று பதிவான படகுக்குப் பயணிகளை ஏற்றும் அனுமதி கிடையாது. அனுமதியற்ற பயன்பாட்டில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்கவும் வழி பிறக்கிறது. அந்தப் படகோட்டி எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இந்த நிலை மாறாது.

பயணிகளை ஏற்றும் இயந்திரப் படகு எதுவாயினும் அதற்குப் பதிவுச் சான்று, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை படகைச் சோதித்து வழங்கும் ஆய்வுச் சான்றிதழ், ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று ஆகியவை இருக்க வேண்டும். ஆறு, ஏரி, காயல் போன்ற நீர்நிலைகளில் இவற்றோடு காப்பீட்டையும் வலியுறுத்துவது 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம். கடலிலும் துறைமுக எல்லைக்குள்ளும் வணிகக் கப்பல் சட்டமும் துறைமுக விதிகளும் பொருந்தும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017இல் படகுப் பாதுகாப்புக்கென்றே தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. எந்தச் சட்டம் எங்கே பொருந்தும் என்பதைப் பயணி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை எத்தனை, சான்று எந்த நாள்வரை செல்லும், எல்லோருக்கும் உயிர்காப்புச் சட்டை உண்டா என்ற கேள்விகளைப் பணம் கொடுக்கும் முன் கேட்பது போதும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வாங்கும் சேவையின் தரத்தையும் தன்மையையும் அறிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமையாகவே வகுத்துள்ளது. கேட்பவரைத் தொல்லைக்காரராகப் பார்க்கும் படகுக்காரர், அந்த ஒரு காரணத்துக்காகவே தவிர்க்கப்பட வேண்டியவர்.

உயிர்காப்புச் சட்டை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பெரும்பாலான படகுகளில் அது இருக்கிறது, ஆனால் பயன்படும் நிலையில் இருப்பதில்லை. கூரையடியில் கயிற்றால் கட்டி வைக்கப்பட்ட சட்டை, படகு கவிழும் சில விநாடிகளில் எவர் கைக்கும் வராது. ஏறும்முன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தால் பல செய்திகள் தெரியும்: உள்ளிருக்கும் மிதவைப் பொருள் நசுங்கித் தட்டையாகிவிட்டதா, தையல் பிரிந்திருக்கிறதா, மூன்று பட்டைகளில் ஒன்றுக்குக் கொக்கி உடைந்துபோய் முடிச்சுப் போடப்பட்டிருக்கிறதா என்பவை. பட்டைகளை இறுக்கிய பின் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். சட்டை காதுவரை ஏறிவந்தால் நீரில் அது உடலைவிட்டு நழுவும். பெரியவர்களுக்கான சட்டையைக் குழந்தைக்கு மாட்டினால் குழந்தை அடிவழியே நழுவிவிடும் என்பதால், குழந்தை அளவில் சட்டை இல்லாத படகில் குழந்தையை ஏற்றவே கூடாது. சேலை உடுத்தியவர்கள் முந்தானையை இழுத்துச் செருகி அதன்மேல் சட்டையை அணிவது நல்லது. புகைப்படம் எடுப்பதற்காகச் சட்டையைக் கழற்றுவதும், எல்லோரும் ஒரே பக்கம் திரண்டு நிற்பதும் நடுக்கடலில் செய்யத் தகாதவை.

படகுத்துறைக்குச் சென்றபின் கூட்டம் மிகுதியாக இருப்பதைக் கண்டு ஏற மறுப்பதற்குப் பயணிக்கு முழு உரிமை உண்டு. பயணக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்திவிட்டோம் என்ற எண்ணமே பலரை ஏற வைக்கிறது. ஆனால் பாதுகாப்பற்ற படகைக் கொண்டுவந்து நிறுத்துவது சேவைக் குறைபாடு, அதாவது வாக்களித்த தரத்தில் சேவையை வழங்கத் தவறுதல். அதற்காகச் செலுத்திய தொகையைத் திரும்பக் கேட்கலாம். ஏற மறுத்த நேரத்தையும் காரணத்தையும் பயண ஏற்பாட்டாளருக்கு உடனே குறுஞ்செய்தியாக அனுப்பி, படகின் பெயரும் எண்ணும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டால் அதுவே சான்றாகும். பணத்தைத் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

கூலிக்குப் பயணிகளை ஏற்றும் படகில், உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவது தண்டனைக்குரிய குற்றம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 284ஆம் பிரிவு கூறுகிறது. ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இக்குற்றத்துக்கு விபத்து நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் 106ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. நெருக்கடி நேரத்தில் கடலோரக் காவல்படைக்கு 1554, அவசர உதவிக்கு 112 ஆகிய எண்களைக் குழுவில் ஒருவரேனும் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பது அவசியம்.

விபத்துக்குப் பிந்தைய நாள்களில்தான் வெளியூர்க் குடும்பங்கள் மிகுதியும் தடுமாறுகின்றன. முதல் தகவல் அறிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ் ஆகிய மூன்றும் பின்வரும் எல்லா நடவடிக்கைகளுக்கும் அடிப்படை. இறப்பு எந்த ஊரில் நேர்ந்ததோ அங்குதான் பதிவாகும் என்பதால், உடலுடன் ஊர் திரும்பும் முன்பே அதற்கான ஏற்பாட்டைச் செய்துவிடுவது பின்னால் வரும் அலைச்சலைக் குறைக்கும். புகாரளிக்கும் ஒருவர், தாம் இருக்கும் இடத்துக் காவல் நிலையத்துக்கு எல்லை அதிகாரம் இல்லை என்று திருப்பி அனுப்பப்படக் கூடாது. எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்றும் முறை சட்டத்திலேயே இருக்கிறது. அறிக்கையின் நகலும் இலவசம்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, அரசு அறிவிக்கும் நிவாரணத் தொகை ஒன்று, சட்டப்படி கேட்டுப் பெறும் இழப்பீடு வேறொன்று. முன்னது அரசின் பரிவு. அதைப் பெற்றுக்கொண்டதால் பின்னதற்கான உரிமை போய்விடாது. இறந்தவரின் சட்டப்படியான வாரிசுகள் நுகர்வோர் என்ற நிலையில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். இதில் வெளியூர்ப் பயணிக்கு மிகவும் பயனுள்ள ஒரு மாற்றத்தை 2019ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது: முறையிடுபவர் வசிக்கும் இடத்திலேயே வழக்கைத் தாக்கல் செய்யலாம். அந்தமானில் நடந்த விபத்துக்காக ஓரிக்கையில் வாழும் குடும்பம் அந்தமான் சென்று வழக்காட வேண்டியதில்லை. வழக்கறிஞர் இன்றியும் வாதிடலாம். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். ஆனால் நிகழ்வு நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும்.

யார்மீது வழக்கு என்பதில் குழப்பம் கூடாது. படகு உரிமையாளர் மட்டுமின்றி, கட்டணம் வாங்கி முழுப் பயணத்தையும் ஏற்பாடு செய்தவரும் சேவை வழங்கியவரே. ‘நாங்கள் முன்பதிவு மட்டும்தான் செய்தோம்’ என்பதும், ‘எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று சீட்டின் பின்புறம் அச்சிடுவதும் கவனக்குறைவுக்கான பொறுப்பைத் தாமாகவே நீக்கிவிடுவதில்லை. வடோதரா நகரின் சூர்சாகர் ஏரியில் 1993இல் 20 பேர் ஏறத்தக்க படகில் 38 பேர் ஏற்றப்பட்டு, அது கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். படகை ஓட்டியவர் ஒப்பந்ததாரர் என்றாலும், ஏரியைத் தன் பொறுப்பில் வைத்திருந்த மாநகராட்சிக்கும் பயணிகளின் பாதுகாப்பில் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதி செய்தது. நுகர்வோர் மன்றத்தில் தொடங்கிய அவ்வழக்கில் இத்தீர்ப்பு வர, விபத்து நடந்து 21 ஆண்டுகள் ஆயின என்பது வேதனைக்குரியது. ஆயினும் இன்றைய வழக்குகளுக்கு அத்தீர்ப்பு வலுவான துணை.

வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெரும் விபத்தில் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் இலவச உதவியை உறுதி செய்கிறது. அதற்கான தொலைபேசி எண் 15100. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்படும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்திருந்தவர் விபத்தில் இறந்தால் 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும். குடும்பத்துக்கே தெரியாமல் அது கேட்பாரற்றுப் போவதும் உண்டு என்பதால், வங்கிக் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

காஞ்சிபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் குழுப் பயணம் ஏற்பாடு செய்வோர் பெரும்பாலும் தெரிந்தவர்கள், உறவினர்கள், ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள். அவர்கள்மீதுள்ள நம்பிக்கையால்தான் நீந்தத் தெரியாத முதியவர்களும் கடல் தாண்டிச் செல்ல இசைகிறார்கள். பயணத் திட்டத்தாளில் உணவும் தங்குமிடமும் எழுதப்படுவதுபோல், தீவுக்குச் செல்லும் படகின் பெயர், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை, சான்று செல்லும் நாள் ஆகிய மூன்றையும் அவர்கள் எழுதித் தர வேண்டும். எழுதித் தராதவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.