கேம் ஆடினா போன் சூடாகுதா? ஃபிரேம் ரேட்டைக் குறைச்சுப் பாருங்க!

பழவேற்காடு ஏரியில் படகேறுபவருக்கு, அவசரத்தில் கரையை அழைக்கப் போன்தான் துணை. கிளம்பும் முன்பே பிஜிஎம்ஐ ஆடி சார்ஜ் தீர்ந்துட்டா? அதற்குத்தான் ஃபிரேம் ரேட் வரம்பு.

அப்படின்னா என்ன?

நொடிக்கு எத்தனை படங்களைத் திரையில் காட்டணும் என்ற கணக்கு. 60 வைத்தால் ஒரு படத்தை வரைய 16.7 மில்லிசெகண்ட்தான் அவகாசம்; 30 வைத்தால் 33.3. வரைந்து முடித்த மீதி நேரம் சிப்புக்கு ஓய்வு. சூடும் சார்ஜ் செலவும் குறையும்.

அதிகம் வைத்தால் நல்லதுதானே?

எப்போதும் இல்லை. சூடேறினால் போன் தானாகவே வேகத்தைக் குறைக்கும். 60-ல் ஓடிய கேம் திணறும். அதைவிட நிலையான 40 மேல்.

எங்கே மாற்றுவது?

செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் பகுதி. 'எக்ஸ்ட்ரீம்' 60, 'அல்ட்ரா' 40, 'ஹை' 30. ஏரிக்குப் போகும் நாளில் 'ஹை' போதும்.