உங்களுக்குத் தெரியுமா? பாட்டு இருக்கிறது, கட்டியவர் யார்?

மாசியில் இலங்கை மலையகத்தின் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்து தொடங்கும்போது, தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் தீ மூட்டித் தப்பு மேளத்தைக் காய்ச்சுவார்கள். தோல் முறுகியதும் அடி விழும், பாட்டு கிளம்பும். கட்டியது யாரென்று கேட்டால், "தாத்தா காலத்துப் பாட்டு" என்பார்கள்.

ஐரோப்பாவும் ஒருகாலம் இப்படித்தான் இருந்தது. 12ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் தேவாலயத்தில் பாட்டமைத்த லியோனின், பெரோடின் பெயர்களை நமக்குச் சொன்னவர், அடுத்த நூற்றாண்டில் குறிப்பெழுதிய ஒருவர். அவருடைய பெயரே தெரியாது! 1501இல் வெனிஸில் பெத்ருச்சி என்ற அச்சகர் பல குரல் பாட்டுகளை முதன்முதலாக அச்சிட்டுத் தொகுத்தபோது, பல பாட்டுகளின் தலையில் கட்டியவர் பெயரும் ஏறியது.

மலையகத்தில் பாட்டோடு பெயர் சேரும் அந்தத் திருப்பம் தொழிற்சங்க மேடையில் வந்தது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டத் தொழிலாளர் துயரத்தைத் தாமே பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் பாடி, 1940இல் தம் பெயரிலேயே நூலாக்கினார். ஒரு பெண் பெயர் போட்டு நின்றது பெரிய காரியம். பின்னாளில் மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவற்றில் தாலாட்டும் ஒப்பாரியும் கட்டிய தாய்மாரின் பெயர்கள் மட்டும் கிடைக்கவே இல்லை.