சத்தம் போடுவது ஒரு பம்பு, கெட்டது இன்னொரு பம்பு



டர்போ என்ற உடனே நாம் எல்லோரும் வேகத்தைப் பற்றித்தான் பேசுவோம். அந்த வேகத்துக்குப் பெட்ரோல் கொண்டு வந்து கொடுக்கிற பம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது கத்த ஆரம்பித்த பிறகுதான் பேச்சு வரும். அப்போதும் நான் பயிற்சிக்குப் போன பட்டறையில் கேட்ட பேச்சு ஒன்றுதான்: "பம்பு சத்தம் போடுதா? மாத்திடு!"

மாற்றுவார்கள். பில் போடுவார்கள். கொஞ்ச நாள் கழித்துப் புதுப் பம்பும் அதே பாட்டைப் பாடும். எங்கள் வீட்டு ஒரு மாத மளிகையை விட அதிகமான காசு போயிருக்கும், கோளாறு போயிருக்காது. இது ஏன் என்பதைத்தான் இக்கட்டுரையில் சொல்ல வந்தேன்.

உதாரணத்துக்கு ஸ்வீடன் நாட்டு வோல்வோ நிறுவனம் 1984 முதல் 1992 வரை தயாரித்த 740 காரின் டர்போ மாடலை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர் ரோட்டில் இதைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் பாடம் படிக்க இதை விட நல்ல வண்டி கிடைக்காது. காரணம், நம் கார்களில் பம்பு முழுவதும் டேங்குக்குள் ஒரே கூடாக அடங்கிவிடுகிறது. இதில் இரண்டு பம்புகள், தனித்தனி இடத்தில். டேங்குக்குள் மூழ்கிக் கிடப்பது சின்னப் பம்பு. வண்டிக்கு அடியில், ஃபில்டருக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய பம்பு. சின்னது பெட்ரோலைத் தூக்கிப் பெரியதின் வாயில் ஊட்டும். பெரியது அழுத்தம் ஏற்றி என்ஜினுக்கு அனுப்பும்.

பெரிய பம்பு ரோலர் செல் வகை. தள்ளுவதில் கெட்டிக்காரன், உறிஞ்சுவதில் சோம்பேறி. அதன் மோட்டார் பெட்ரோலுக்குள்ளேயேதான் சுற்றுகிறது. அதற்குக் குளிர்ச்சியும் உயவும் பெட்ரோல்தான். சின்னப் பம்பு நின்றுவிட்டால் வண்டி நிற்காது, இங்கேதான் ஏமாற்றம். பெரிய பம்பு தானே உறிஞ்சி எப்படியோ சமாளிக்கும். ஆனால் உறிஞ்சுகிற வாயில் அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் பெட்ரோல் சூடு ஏறாமலே கொதித்துக் குமிழி விடும். அந்தக் குமிழிகள் பம்புக்குள் அழுத்தத்தில் நசுங்கி உடைகின்றன. 'கேவிடேஷன்' என்று நாம் ஹைட்ராலிக்ஸில் படித்தது இதுதான். நமக்குக் கேட்கிற அலறலும் இதுதான்.

கிணற்று மோட்டார் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மேலே மோட்டாரின் சத்தம் மாறினால் அப்பா மோட்டாரை மாற்ற மாட்டார். கிணற்றில் இறங்கி ஃபுட் வால்வில் தழை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். என் அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை, அவருக்கு இது தெரியும். ஏ.சி. பட்டறையில் சம்பளம் வாங்குகிறவருக்கு இது ஏன் தெரியவில்லை என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

சத்தம்தானே, பாட்டைப் போட்டுக்கிட்டு ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். சாதா என்ஜினில் பெட்ரோல் குறைந்தால் வண்டி இழுக்காது, அவ்வளவுதான். டர்போவில் கதை வேறு. இந்த வகை இன்ஜெக்‌ஷனில் ரெகுலேட்டர், மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்துக்கு மேல் சுமார் 3 பார் வைத்திருக்கும். ஐடிலில் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருப்பதால் பம்பு சுமார் 2.5 பார் கொடுத்தால் போதும். பூஸ்ட் 0.6 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள், உடனே 3.6 பார் வேண்டும். அதே நேரத்தில்தான் பெட்ரோலின் அளவும் மிக அதிகமாக வேண்டும். குமிழி கலந்த பெட்ரோலைத் தள்ளுகிற பம்பு அங்கேதான் கைவிடும். காற்று நிறைய, பெட்ரோல் குறைவு. சிலிண்டரில் நாக்கிங் ஆரம்பிக்கும். நாக் சென்சார் இக்னிஷனைப் பின்தள்ளிக் கொஞ்ச நேரம் காப்பாற்றும். அதையும் மீறினால் பிஸ்டன் தலை உருகும், ரிங் இருக்கும் விளிம்பு உடையும். பம்பில் தொடங்கியது என்ஜினைப் பிரிப்பதில் வந்து முடியும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்பேனரை எடுப்பதற்கு முன் காதையும் டேங்க் மூடியையும் பயன்படுத்துங்கள். சத்தம் வரும்போது மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய்ச் சத்தம் அடங்கினால், டேங்கின் காற்று வழி அடைத்திருக்கிறது. பம்புக்கு ஒன்றுமில்லை. செலவும் இல்லை.

அடுத்து, டேங்கை நிரப்புங்கள். பாதிக்கு மேல் இருக்கும்போது அமைதி, பாதிக்குக் கீழே இறங்கியதும் அலறல் என்றால் பெரும்பாலும் சின்னப் பம்பிலிருந்து மேலே ஏறும் குட்டி ஹோஸ் வெடித்திருக்கும். வெடிப்பு பெட்ரோலில் மூழ்கியிருக்கும் வரை அந்த வழியாகவும் பெட்ரோல்தான் வரும். மட்டம் இறங்கியதும் காற்று வரும். இளநீரின் அடியில் ஸ்ட்ரா கர்ரென்று சத்தம் போடுமே, அதே கணக்கு.

பிறகு சின்னப் பம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய பம்பின் வயரைக் கழற்றிவிட்டு, மேனுவலில் சொன்னபடி ரிலே இடத்தில் இணைப்புக் கொடுத்து, பெட்ரோல் ஊற்றும் வாயருகே காதை வையுங்கள். மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உடனே "பம்பு போச்சு" என்று சொல்லிவிடாதீர்கள். பியூஸ், வயர், எர்த் மூன்றையும் மீட்டர் வைத்துப் பாருங்கள். பழைய வண்டியில் துருப்பிடித்த எர்த் ஒன்றே போதும். ரீங்காரம் கேட்டும் அலறல் தீரவில்லையா? அப்படியானால் அந்த ஹோஸையும், பம்பின் அடியில் மாட்டியிருக்கும் வலைச் சல்லடையையும் வெளியே எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

வேறு சத்தங்களும் உண்டு. எடுத்த எடுப்பிலேயே, பெட்ரோல் மட்டம் எதுவாக இருந்தாலும் ஒரே மாதிரி 'ம்ம்ம்' என்று பாடி முழுக்க அதிர்ந்தால் பம்பைத் தாங்கும் ரப்பர் நைந்திருக்கும். லிஃப்டில் ஏற்றிப் பம்பைக் கையால் சற்றே தாங்கிப் பிடித்தால் சத்தம் குறையும், அதிலேயே தெரிந்துவிடும். ஃபில்டர் அடைப்பு வேறு விதம். அது பம்புக்கு அடுத்து இருப்பதால் பம்பு முட்டி முனகும், கரண்டும் அதிகம் இழுக்கும். இவை எல்லாம் சரியாக இருந்து, அழுத்த மானி மட்டும் பூஸ்டில் ஏற மறுத்தால், அப்போது தாராளமாகப் பெரிய பம்பை மாற்றலாம். ரொம்ப நாள் காற்றைக் குடித்த பம்பு உள்ளே தேய்ந்துதான் போயிருக்கும்.

டேங்கைத் திறக்கும் வேலை என்றால் பேட்டரி நெகடிவ் முதலில் கழல வேண்டும். பட்டறையில் வழக்கமாகத் தொங்கவிடும் குண்டு பல்பு அந்தப் பக்கமே வரக்கூடாது. பெட்ரோல் ஆவி கேலி செய்யாது.

கடைசியாக அந்தக் குட்டி ஹோஸ் பற்றி. கடையில் "பெட்ரோல் ஹோஸ்" என்று கேட்டால் கொடுப்பது உள்பக்கம் மட்டும் பெட்ரோல் தாங்கும் ஹோஸ். டேங்குக்குள் வெளிப்பக்கமும் ஊறும். ஊறினால் உப்பிக் கரைந்து, சில காலத்தில் மறுபடி வெடிக்கும். மூழ்கிக் கிடக்கவே செய்த ஹோஸுக்கு எஸ்.ஏ.இ. தரத்தில் 30ஆர்10 என்று பெயர். விலை கூடுதல்தான். நம் நாட்டில் 2025-ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆகவே ஹோஸ் வாங்கும்போது அதன் மேல் அச்சடித்திருக்கும் எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். ஒரு சாண் நீளம் இருந்தால் போதும்.