மாதச் சிட்டையில் இனிப்புக் கணக்கு

"அண்ணாச்சி, எனக்குச் சுகரு இருக்கு. சீனி வேண்டாம், கருப்பட்டி போடுங்க." மணியாச்சி, கோவில்பட்டி பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நம்மில் இந்த வார்த்தையைக் கேட்காதவர் இருக்க முடியாது. நாமும் மறுபேச்சின்றி, "கருப்பட்டி ஒண்ணும் செய்யாது, தாராளமாச் சாப்பிடுங்க" என்று நிறுத்துக் கொடுக்கிறோம். அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் வணிக அன்பர்களுடன் இங்கே பேச விரும்புகிறோம்.

இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு நோய் உண்டு என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின் கணக்கு. அவர்களில் ஒருவர் நமது தம்பி. நமது மண்டியில் கல்லாவில் இருந்தவர். நோய் தெரிந்ததும் சீனியை அடியோடு நிறுத்திவிட்டு, நமது பேச்சை நம்பி நாள் ஒன்றுக்கு நான்கு வேளை கருப்பட்டிக் காப்பி குடித்து வந்தார். சில ஆண்டுகளில் காலில் வந்த புண் ஆறாமல் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கருப்பட்டி ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் "இதில் சீனி இல்லை" என்று சொன்னது நமது வாய்.

நம் பக்கத்துப் பேச்சு வழக்கும் இந்தக் குழப்பத்திற்கு ஒரு காரணம். இங்கே சீனி என்றால் வெள்ளைச் சீனி; சர்க்கரை என்றால் நாட்டுச் சர்க்கரை. மருத்துவர் சொல்லும் சர்க்கரையோ இவை எல்லாவற்றையும் சேர்த்தது. கரும்புச் சாற்றைக் காய்ச்சினால் வெல்லம். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. வெல்லத்தில் 100 கிராமுக்கு 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. அதில் பெரும்பகுதி சர்க்கரையே. கருப்பட்டியும் ஏறக்குறைய இப்படித்தான். இரும்பு முதலிய தாதுக்கள் இவற்றில் கொஞ்சம் உண்டு என்பது உண்மை. அதற்காக இவற்றில் உள்ள சர்க்கரை இல்லாமற் போய்விடாது. தேனுக்கும் இதே கணக்குத்தான்.

அப்படியானால் இயற்கைச் சர்க்கரை என்பது எது? முழுப் பழத்திலும் பாலிலும் தானாகவே இருப்பது. கொய்யாவைக் கடித்துத் தின்னும்போது சர்க்கரையோடு நாரும் நீரும் சேர்ந்தே போகின்றன; வயிறு நிறைகிறது; இரத்தத்தில் மெதுவாகக் கலக்கிறது. பாலில் 100 மி.லி.க்குச் சுமார் 5 கிராம் பால் சர்க்கரை உண்டு. இவற்றை யாரும் குறை சொல்லவில்லை. நோயாளிகள் மட்டும் பழத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் அதே பழத்தைப் பிழிந்து சாறாக்கினால், சீனி போடாவிட்டாலும் அதை உலக சுகாதார நிறுவனம் குறைக்க வேண்டிய சர்க்கரையின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

இனி அளவைப் பார்ப்போம். சேர்க்கும் சர்க்கரை, நாள் ஒன்றுக்கு ஒருவருக்கு 20 முதல் 25 கிராம் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். சுமார் ஐந்து தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் யாரும் கரண்டியை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் நம்மிடம் மாதச் சிட்டை இருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு 25 கிராம் வீதம் 30 நாளைக்கு 3 கிலோ. சீனி, வெல்லம், கருப்பட்டி, பிஸ்கட், கலர் என எல்லாவற்றிலும் உள்ள சர்க்கரை இந்த 3 கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

நமது பற்று நோட்டில் சாதாரணமாகக் காணும் ஒரு சிட்டையை எடுத்துக்கொள்வோம். நான்கு பேருக்குச் சீனி 4 கிலோ, கருப்பட்டி 1 கிலோ. கருப்பட்டியில் 800 கிராம் என்று போட்டால் மொத்தம் 4,800 கிராம். 120-ஆல் வகுத்தால் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 40 கிராம். இத்துடன் இரண்டு லிட்டர் கலர் பாட்டில் இரண்டு வாங்கினால், 100 மி.லி.க்கு 10 கிராம் வீதம் மேலும் 400 கிராம். பிஸ்கட்டும் மிட்டாயும் இன்னும் கணக்கில் வரவில்லை.

அவற்றுக்குப் பாக்கெட்டின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி ஊட்டச்சத்து அட்டவணையில் 'டோட்டல் சுகர்ஸ்', 'ஆடட் சுகர்ஸ்' என இரண்டு வரிகள் இருக்கும். முதலாவது மொத்தச் சர்க்கரை. இரண்டாவது தயாரிக்கும்போது சேர்த்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் மொத்தத்திலிருந்து சேர்த்ததைக் கழித்தால் மீதி பாலின் சர்க்கரை. அருகில் போட்டிருக்கும் சதவீதம் நாளுக்கு 50 கிராம் என்ற அளவை வைத்துப் போட்டது. 20 சதவீதம் என்றிருந்தால் ஒரு முறை உண்ணும் அளவில் 10 கிராம் என்று பொருள். 'குளுக்கோஸ் சிரப்', 'இன்வர்ட் சிரப்', 'டெக்ஸ்ட்ரோஸ்' என்று எழுதியிருந்தாலும் அவை சர்க்கரையே.

உதிரியாக விற்கும் சரக்குக்கு அட்டவணை கிடையாது. அங்கே நமது வாய்தான் லேபிள். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும் உடன்குடி கருப்பட்டிக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அவை ஊரின் பெயருக்கும் தரத்திற்கும் கிடைத்த சான்று; நீரிழிவுக்காரர்கள் சாப்பிடலாம் என்பதற்குச் சான்று அல்ல. கடலைமிட்டாயில் கடலையின் புரதம் உண்டு, பாகின் வெல்லமும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சட்டமும் இதில் இருக்கிறது. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று போட வேண்டுமானால் எந்த வகைச் சர்க்கரையும், தேன் உள்பட, சேர்த்திருக்கக் கூடாது. 'சுகர் ஃப்ரீ' என்றால் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆகவே கருப்பட்டிப் பண்டத்தின் மேல் 'சுகர் உள்ளவர்களும் சாப்பிடலாம்' என்று பலகை எழுதித் தொங்கவிடுவது ஆபத்து. தவறான விளம்பரத்திற்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

"இப்படியெல்லாம் சொன்னால் வியாபாரம் என்னாவது?" என்று சில அன்பர்கள் கேட்கலாம். சீனியில் நமக்கு நிற்பது எவ்வளவு என்பது நமக்குத் தெரியாததா? சிட்டையில் ஒரு கிலோ சீனி குறைந்த இடத்தில் கம்பு, உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை ஏறட்டும். வாடிக்கையாளர் நடமாட்டத்துடன் இருந்தால்தான் அடுத்த மாதமும் சிட்டை வரும்.

எனவே கருப்பட்டி விற்பதை நிறுத்த வேண்டியதில்லை. கேட்பவரிடம், "இதுவும் சர்க்கரைதான், டாக்டர் சொன்ன அளவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கொடுப்போம். நமது மண்டியில் தம்பிக்குப் பிறகு அப்படித்தான் சொல்லி வருகிறோம். கருப்பட்டி இன்றும் விற்கத்தான் செய்கிறது.