வெயிலும் வேண்டும், ஏ.ஸி.யும் வேண்டும்

இறால் குஞ்சுகளின் முதல் சோறு எங்கே வளர வேண்டும்?

ஆந்திரக் கடற்கரையின் இறால் குஞ்சு பொரிப்பகங்களில் கண்ணும் கருத்துமாகக் கவனிக்கப்படுவது இறால் மட்டுமல்ல. வெட்டவெளித் தொட்டிகளில் உள்ள தண்ணீரின் நிறமும்தான். பொன்பழுப்பாக இருந்தால் நிம்மதி. வெளிறிப்போய், அடியில் கசடு தங்கி, மேலே நுரை கட்டியிருந்தால் அன்று தூக்கம் போச்சு.

காரணம், இறாலின் குழந்தைப் பருவம். முட்டையிலிருந்து வெளிவரும் நாப்ளியஸ் லார்வா சுமார் இரண்டு நாள் தன் மஞ்சள்கருவிலேயே காலம் தள்ளிவிடும். அடுத்த பருவமான ஸோயியா காத்திருக்காது. கீட்டோசெரஸ், ஸ்கெலெட்டோனிமா போன்ற நுண்பாசிகள்தான் அதன் முதல் உணவு. வயிறு நிறைந்த ஸோயியா, நூல் போன்ற கழிவைப் பின்னால் இழுத்துக்கொண்டு நீந்தும். நூல் இல்லையென்றால் பட்டினி என்று அர்த்தம். லட்சக்கணக்கில் சாவு விழ அதிக நேரம் ஆகாது.

ஆய்வுக்கூடத்தில் இந்தப் பாசியைக் கலப்பில்லாமல் வளர்க்கலாம். கடல்நீரை வடிகட்டி, கிருமி நீக்கி, நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட், வைட்டமின் எல்லாம் சேர்த்து, ஏ.ஸி. அறையில் டியூப்லைட் வெளிச்சத்தில் வைத்துப் பராமரிக்க வேண்டும். ராஜ உபசாரம்தான். ஆனால் கிடைப்பது குடுவைக் கணக்கில்; பொரிப்பகத்துக்கு வேண்டியதோ டன் கணக்கில்.

வெளியே சூரியன் இலவசம். விளக்குகள் சில ஆயிரம் லக்ஸ் ஒளி தரும் இடத்தில் உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் தருகிறது. கேரளத்தில் நாரக்கல்லில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 1980களில் ஆய்வுக்கூட வித்துகூட இல்லாமல் இதைச் செய்து காட்டினார்கள். கடல்நீரை மெல்லிய துணியில் வடிகட்டி உரமிட்டு வெயிலில் வைத்தால், ஓரிரு நாளில் கீட்டோசெரஸ் மேலோங்கிவிடும். சிறு முதலீட்டாளருக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் வெயிலை நம்பி முழுசாக இறங்க முடியாது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்தால் இரண்டு நாள் மேகமூட்டம். மழை பெய்தால் உப்பின் அளவு இறங்கும். கோடையில் தண்ணீர் கொதிக்கும். பாசியைத் தின்னும் ஒற்றைச்செல் உயிரிகள் புகுந்துவிட்டால், நேற்று செழித்த தொட்டி இன்று காலி.

எனவே கட்சி கட்டுவதில் பயனில்லை. சோதனைக் குழாய், பிளாஸ்க், கார்பாய், ஃபைபர் தொட்டி, கடைசியில் வெட்டவெளி என்று பாசியைப் படிப்படியாக ஏற்றிச் செல்வதே பொரிப்பகங்களின் நடைமுறை. அறை வெளிச்சத்துக்குப் பழகிய பாசியைத் திடீரென்று உச்சிவெயிலில் இறக்கினால் வெளுத்துவிடும் என்பதால் நிழல்வலையும் தேவை. வெளித்தொட்டி கெட்டுப்போனால் மறுபடி முதல் படியிலிருந்து ஏறிவர ஒரு வாரத்துக்கு மேலாகும். அலமாரியில் கார்பாய் தயாராக இருப்பவர் பிழைத்தார்.

2009இல் வனமை இறாலுக்கு அனுமதி கிடைத்தபின், வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் தாய் இறால்களுக்கே பெரும்பணம் போகிறது. அவற்றின் குஞ்சுகளைப் பட்டினி போட யாருக்கும் துணிச்சல் இல்லை. அவசரத்துக்கு டின்னில் அடைத்த பாசிப் பொடி உண்டு. ஆனால் தின்னாமல் மிஞ்சிய பொடி தண்ணீரைக் கெடுக்கும். உயிருள்ள பாசியோ, தின்னப்படும்வரை தண்ணீரிலுள்ள அம்மோனியாவை உறிஞ்சிக்கொண்டிருக்கும். கரண்ட் பில்லைப் பார்த்து முணுமுணுக்கும் முதலாளிகூட அந்த ஏ.ஸி.யை நிறுத்தச் சொல்வதில்லை.