தலைமையாசிரியரின் நாற்பது நிமிடம்

ஜூன் மாதம் தென்காசி வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் மைனி (அண்ணன் மனைவி) குற்றாலம் போகிற வழியில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியின் தலைமையாசிரியர். ராத்திரி சாப்பிடும்போது, "இன்னைக்கும் ஒரு வகுப்புக்குள்ள கூட போகலை தம்பி" என்றார். முந்தின வாரமும் இதையேதான் சொன்னார். ஏழாம் வகுப்புக் கணக்குக்குப் புதிதாக வந்த டீச்சர், "பின்னம் நடத்துறேன், பாதிப் பிள்ளைகளுக்குப் புரியலை, ஒருநாள் வந்து பாருங்க"ன்னு மூன்று வாரமாகக் கேட்கிறாராம்.

"ஒருநாள் வேலையை நேரம் போட்டு எழுதுங்க மைனி, பார்ப்போம்" என்றேன். எழுதினார். சுருக்கம் இது:

8.20: காலை உணவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தது.
9.20: சாரலில் நெட்வொர்க் இல்லை, வருகைப்பதிவு செயலியில் ஏறவில்லை.
9.50: வாட்ஸ்அப்பில் "உடனே" கேட்ட பட்டியல் ஒன்று.
10.30: மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஒரு அம்மா.
11.10: ஒழுகும் வகுப்பறையிலிருந்து பிள்ளைகளை இடம் மாற்றியது.
12.30: சத்துணவுப் பதிவேடு, முட்டைக் கணக்கு.
2.00: ஏழாம் வகுப்புக்குள் போய் உட்கார்ந்தது.
2.10: அலுவலகத்திலிருந்து போன், வெளியே வந்தது.

இதில் தேவையில்லாத வேலை என்று எதையும் சொல்ல முடியவில்லை. ஒழுகுகிற கூரையை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட முடியுமா? ஆனால் எல்லாமே ஒரே ஆளிடம் வருகிறது, வந்த உடனே வருகிறது. கற்பித்தலைக் கவனிக்கிற வேலைக்கு மட்டும் அவசரம் கிடையாது. யாரும் போன் போட்டு "அந்த டீச்சருக்கு உதவி பண்ணீங்களா?" என்று கேட்பதில்லை. அதனால் அது தினமும் நாளைக்குத் தள்ளிப்போகிறது.

ஆய்வுகள் சொல்வது

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவின் மியாமி-டேட் பகுதியில் கிரிஸ்ஸம், லோப், மாஸ்டர் என்ற மூவர் சுமார் 100 தலைமையாசிரியர்களை நாள் முழுக்கக் கூடவே இருந்து கவனித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். கற்பித்தல் தொடர்பான வேலைக்குப் போன நேரம் 12.7 சதவீதம்தான். அங்கே எழுத்தர், உதவித் தலைமையாசிரியர் எல்லாம் உண்டு. அப்படியும் இந்த நிலை.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. வகுப்புகளைச் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவதற்குச் செலவான நேரம் பிள்ளைகளின் கற்றலோடு நல்லவிதமாகப் பொருந்தவில்லை, எதிர்த்திசையில்தான் இருந்தது. ஆசிரியரோடு உட்கார்ந்து பயிற்சி தருவது, மதிப்பிடுவது, பாடத்திட்டத்தைச் சீர்செய்வது ஆகியவற்றுக்குப் போன நேரம் முன்னேற்றத்தோடு சேர்ந்து வந்தது. ஆக, நேரத்தை மிச்சம் பிடித்தால் மட்டும் போதாது. மிச்சமானதை ரவுண்ட்ஸில் விட்டால் பயனில்லை.

இந்தியாவிலும் ஒரு பாடம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு மேம்பாட்டுத் திட்டம் எழுத வைத்த முயற்சியைக் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் ஆராய்ந்தார்கள் (2020). திட்டங்கள் ஒழுங்காக எழுதப்பட்டன. கற்றலில் மாற்றம் தெரியவில்லை. தலைமையாசிரியருக்கு இன்னொரு படிவம் கொடுப்பது தீர்வு ஆகாது என்று நான் இதை எடுத்துக்கொண்டேன்.

ஆன்-கால் முறை

மென்பொருள் வேலையில் இதே சிக்கலுக்கு ஒரு பழைய வழி உண்டு. சர்வர் விழுந்தால் எல்லாரும் ஓடக்கூடாது. இந்த வாரம் இன்னார்தான் முதலில் பார்ப்பார் என்று முறை வைப்போம். கென்டக்கியின் லூயிவில் நகரில் 2000-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த 'ஸாம்' திட்டமும் ஏறக்குறைய இதுதான். தலைமையாசிரியரின் நேரத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து, எந்த வேலைக்கு யார் முதல் பொறுப்பு என்று பிரித்து, தினமும் சில நிமிடம் உட்கார்ந்து நாளைத் திட்டமிடுவார்கள்.

எழுத்தரே இல்லாத பள்ளியில் இதை எப்படிச் செய்வது? மைனியும் நானும் போட்ட கணக்கு:

1. செவ்வாய், வியாழன் இரண்டாம் பாடவேளை, நாற்பது நிமிடம், மூடிய நேரம். போன் மூத்த ஆசிரியரிடம். பிள்ளைக்கு அடிபட்டால் மட்டும் கூப்பிடலாம். பதிலுக்கு அந்த ஆசிரியரின் ஒரு பாடவேளையை மைனி எடுப்பார்.
2. சான்றிதழ் கேட்டு வருகிறவர்களுக்கு மாலை 3.30 என்று வாசலில் எழுதி ஒட்டுவது. கூலி வேலையை விட்டுவிட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது.
3. கூரை, தண்ணீர், கழிப்பறை விஷயங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் தருவது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள்.
4. பாடக்குறிப்பேட்டில் கையெழுத்து மட்டும் போடாமல், வாரம் ஒரு ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி: "இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவாங்க?"

முதல் செவ்வாய் மழையோடு போச்சு. வியாழன் நடந்தது. டீச்சர் 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டும்போது பிள்ளைகள் 2/5 என்று எழுதியதை மைனி பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். அன்று மாலை இருவரும் காகிதத் துண்டுகளை மடித்துப் பார்த்தார்கள். அடுத்த நாள் அதே வகுப்பில் காகிதம் மடிப்புதான் பாடம்.

எட்டாத இடம்

இது எல்லாப் பள்ளிக்கும் பொருந்தாது. சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் வகுப்பாசிரியர்களைத் தவிர தனியாக ஒரு தலைமையாசிரியர். இரண்டு ஆசிரியர் பள்ளியில் தலைமையாசிரியரே மூன்று வகுப்பை வைத்திருப்பார். அவர் போனை யாரிடம் கொடுப்பார்? அங்கே அலுவலகம்தான் மாற வேண்டும். ஏற்கெனவே எமிஸ் தளத்தில் இருக்கும் விவரத்தை மறுபடி வாட்ஸ்அப்பில் கேட்காமல் இருப்பதே பெரிய உதவி. கேட்டே ஆகணும் என்றால் பள்ளி நேரம் முடிந்தபின் என்று வைக்கலாம்.

மைனியிடம் இப்போது நான் கேட்பது ஒன்றுதான்: "இந்த வாரம் எத்தனை நாற்பது நிமிடம்?" சில வாரம் இரண்டு. சில வாரம் ஒன்றுகூட இல்லை. இல்லாத வாரம் ஏன் இல்லை என்பதையும் அதே நோட்டில் எழுதுகிறார். அடுத்த வாரம் எதை மாற்ற வேண்டும் என்பது பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கிறது.