மெலிந்த பூனையைத் தேற்றுவது எப்படி?

நெல் மூடையும் விதைத் தானியமும் உள்ள வீட்டில் பூனையும் ஓர் உழைப்பாளியாகும். கொம்பறையும் சீமெந்துக் களஞ்சியமும் இல்லாத தற்காலிகக் கொட்டிலில், தறப்பாளின் கீழ் அடுக்கிய மூடைகளுக்கு எலிகளால் வரும் சேதம் அதிகம். எலி தின்பது கொஞ்சம். சாக்கைக் கடித்துக் கொட்டுவதும் மூத்திரத்தால் பழுதாக்குவதும் அதைவிடக் கூட. அடுத்த போகத்துக்கென வைத்த விதைநெல் பழுதானால் மீண்டும் கடன்பட வேண்டி வரும்.

1995 இல் வலிகாமத்திலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் இடம்பெயர்ந்த மக்களுள் பலர் மாடு, ஆடு, கோழிகளோடு பூனைகளையும் விட்டுவிட்டே வந்தார்கள். புதிய இடத்தில் எங்கிருந்தோ வந்து ஒண்டிக்கொள்ளும் பூனைகள் பெரும்பாலும் எலும்புந் தோலுமாகவே இருக்கும். இவ்வாறான பூனையை அதிக செலவின்றித் தேற்றும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

பட்டினி போட்டால் எலி பிடிக்குமா?

“வயிறு நிறைந்தால் பூனை எலி பிடிக்காது” என்று எம்மிடையே பலர் நம்புகின்றனர். இது சரியன்று. வேட்டையாடுவது பூனையின் பிறவிக் குணம். பசி இல்லாத பூனையும் அசையும் எலியைக் கண்டால் பாயும். மெலிந்த பூனைக்கோ பாய்வதற்கும் காத்திருப்பதற்கும் பலம் இல்லை. அது எலியை விட்டுவிட்டு, குசினிச் சட்டியைத் தேடும். அயல் வீட்டுக் கோழிக்குஞ்சையும் பிடிக்கும். ஆகவே பூனைக்குக் கொடுக்கும் உணவை வீண் செலவாக எண்ண வேண்டியதில்லை.

சோறு மட்டும் ஏன் போதாது?

நாய் சோற்றையும் இறைச்சியையும் உண்டு வாழக்கூடியது. பூனை அப்படியல்ல. அது ஊன் தின்பதற்கென்றே அமைந்த பிராணி. சோறும் குழம்பும் அதன் வயிற்றை நிரப்பும். ஆனால் தசையை வளர்க்கா. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

1. பூனைக்குப் புரதம் மிக அதிகம் தேவை. மூன்று கிலோ நிறையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 15 கிராம் புரதமாவது வேண்டும். அவ்வளவு புரதத்தைச் சோற்றிலிருந்து பெற வேண்டுமானால் அரைக் கிலோவுக்கு மேல் சோறு தின்ன வேண்டும். எந்தப் பூனையாலும் அது முடியாது.

2. ‘டோரின்’ என்னும் சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு உண்டாக்குவதில்லை. பெரும்பாலும் மீனிலும் இறைச்சியிலுமே அது உண்டு. டோரின் குறைந்தால் கண்பார்வை கெடும், இதயமும் பலவீனமடையும். இதயத்துக்கு வரும் இக்கேட்டை 1987 இல் அமெரிக்காவின் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகக் கால்நடை வைத்தியர்கள் கண்டறிந்து வெளியிட்டனர்.

3. மரக்கறியிலுள்ள மஞ்சள் நிறச் சத்தை எமது உடல் விற்றமின் ஏ ஆக மாற்றும். பூனையின் உடலால் இது முடியாது. அது ஈரல், முட்டை, மீன் போன்றவற்றிலிருந்தே விற்றமின் ஏ பெறுகிறது.

முதலில் காரணத்தைத் தேடுங்கள்

பூனையின் விலாவில் மெதுவாகக் கையை வைத்துத் தடவுங்கள். மெல்லிய சதையின் கீழ் விலா எலும்புகள் தட்டுப்பட்டால் நல்ல நிலை. எலும்புகள் கண்ணுக்கே தெரிந்து, முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கூராக நின்றால் அது மெலிந்த பூனை.

மெலிவுக்குக் காரணம் எப்பொழுதும் உணவுக் குறைவல்ல. பின்வருவனவற்றையும் கவனியுங்கள்.

குடற்புழு: வயிறு மட்டும் ஊதி, உடல் வற்றியிருந்தால் பெரும்பாலும் புழுவே காரணம். வாலடியில் அரிசி போன்ற துண்டுகள் காணப்பட்டால் அது நாடாப்புழு. எலியைத் தின்பதாலும் தெள்ளை விழுங்குவதாலும் இது தொற்றும். புழு இருக்கும்வரை எவ்வளவு உணவு கொடுத்தாலும் முழுப்பயன் கிடைக்காது. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் பூனையின் நிறையைச் சொல்லி மருந்து கேளுங்கள். வட்டப்புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் மருந்து வேறு வேறு. ஆட்டுக்கு வாங்கிய மருந்தில் மீதியைப் பருக்க வேண்டாம்.

வாய்ப்புண்: பூனை உணவை மணந்து பார்த்து விட்டுப் போனால், அல்லது ஒரு பக்கமாக மென்றால், பல்லையும் முரசையும் பாருங்கள்.

இட மாற்றம்: புதிய இடத்துக்குக் கொண்டுவந்த பூனை பயத்தினால் ஒளிந்திருந்து உண்ணாமல் விடும், பழைய வீட்டைத் தேடிப் புறப்படவும் கூடும். இரண்டு, மூன்று கிழமைக்கு அதைக் கொட்டிலுக்குள்ளேயே வைத்து, அது படுத்த பழைய சாக்கையே விரித்துக் கொடுங்கள். மலங்கழிக்க ஒரு பெட்டியில் மணல் வையுங்கள்.

போட்டி: நாயும் வேறு பூனைகளும் பறித்துத் தின்றால், உயரமான பலகையில் வைத்து உணவு கொடுங்கள்.

என்ன உணவு? எவ்வளவு?

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சூடை, சாளை, நெத்தலி போன்ற சிறுமீன்கள் மிக நல்லவை. குளத்து மீனும் உதவும். நாம் எறியும் மீன்தலை, கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் இதயம், கழுத்துத் தோல் ஆகியவற்றையும் பயன்படுத்தலாம். இதயத்தில் டோரின் அதிகம்.

மூன்று கிலோ வரை வளரக்கூடிய ஒரு பூனைக்கு ஒரு நாள் உணவு:

சூடை மீன் – 100 கிராம்
அவித்த முட்டை – 1 (முட்டை இல்லாத நாளில் மேலும் 50 கிராம் மீன்)
குழைந்த சோறு – 2 மேசைக்கரண்டி

தயாரிக்கும் முறை: மீனைக் கழுவி, உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் சேர்க்காமல், மூடும் அளவு நீர் விட்டு நன்றாக அவியுங்கள். சிறுமீனின் முள் மசியும்வரை அவித்து, முள்ளோடு சேர்த்துப் பிசையுங்கள். முள்ளிலுள்ள கல்சியம் எலும்புக்கு நல்லது. மீன்தலையிலும் பெரிய மீனிலும் உள்ள முள்ளையும் எலும்பையும் அகற்றிவிடுங்கள். அவித்த நீரை ஊற்ற வேண்டாம். டோரினின் ஒரு பகுதி அந்நீரில்தான் இறங்கியிருக்கும். அந்த நீரிலேயே சோற்றையும் முட்டையையும் பிசைந்து, இளஞ்சூட்டில் கொடுத்தால் மணத்துக்குப் பூனை விரும்பி உண்ணும்.

மீனைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுப்பது கூடாது. சில மீன்களின் பச்சைத் தசையில் விற்றமின் பி1 ஐ அழிக்கும் பொருள் உண்டு. அவித்தால் அது செயலிழந்துவிடும். முட்டையையும் அவித்தே கொடுங்கள்.

கோழி ஈரல் கிழமைக்கு ஒரு முறை அல்லது இரு முறை, பெருவிரல் அளவு துண்டு போதும். தினமும் கொடுத்தால் விற்றமின் ஏ மிகுந்து கழுத்தெலும்பும் மூட்டும் இறுகிவிடும்.

மெதுவாகக் கூட்டுங்கள்

பல நாள் பட்டினி கிடந்த பூனைக்கு ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுத்தால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். சில வேளை உயிருக்கும் ஆபத்து. முதல் நாள் மேற்கூறிய அளவில் காற்பங்கை ஐந்து, ஆறு முறையாகப் பிரித்துக் கொடுங்கள். மூன்றாம் நாள் அரைப்பங்கு, ஐந்தாம் நாள் முக்காற்பங்கு, ஒரு கிழமையில் முழு அளவு எனக் கூட்டுங்கள். அதன் பின்னர் நாளுக்கு நான்கு முறை போதும். குட்டிகளுக்கும் சிறிது சிறிதாக நான்கு முறையாவது வேண்டும். பாலூட்டும் தாய்ப்பூனை சாதாரண அளவைவிட இரண்டு, மூன்று மடங்கு உண்ணும். அதைத் தடுக்க வேண்டாம்.

சுத்தமான நீர் எப்பொழுதும் சிரட்டையில் இருக்கட்டும். மிஞ்சிய உணவை இரவில் விட்டு வைக்க வேண்டாம். அது எலியையே அழைக்கும்.

நிறையைப் பார்க்கும் முறை

பூனையை ஓர் உமலில் இட்டு, மீன் நிறுக்கும் தூக்குத் தராசில் கொளுவுங்கள். பின் வெறும் உமலை நிறுத்துக் கழியுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு முறை நிறுத்துக் கலண்டரில் குறித்து வையுங்கள். வளர்ந்த பூனை கிழமைக்கு 30 முதல் 50 கிராம் வரை கூடினால் போதும். 2 கிலோ 200 கிராம் நிறையுள்ள பூனை 2 கிலோ 800 கிராம் ஆவதற்கு மூன்று, நான்கு மாதம் எடுக்கலாம். அவசரப்பட வேண்டாம்.

கொடுக்கக் கூடாதவை

வெங்காயம், உள்ளி: இவை பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். எனவே கறிக்குழம்பு கலந்த சோறு நல்லதல்ல.

பசுப்பால்: பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு இது செரிக்காது, வயிற்றோட்டத்தால் மேலும் மெலியும்.

கருவாடு: உப்பு அதிகம். வேறொன்றும் இல்லாத நாளில் பல முறை ஊறவைத்து, அவித்த நீரை ஊற்றிவிட்டுச் சிறிதளவு கொடுக்கலாம்.

கோழி எலும்பு: அவித்த எலும்பு கூராக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

பரசிற்றமோல்: காய்ச்சலுக்கென்று ஒரு குளிசை கொடுத்தாலே பூனை இறந்துவிடும்.

மாட்டுக்கும் நாய்க்கும் பூசும் உண்ணி மருந்து: இவற்றில் சில பூனைக்குக் கடும் நஞ்சு. தெள்ளைச் சீப்பால் வாரி, சவர்க்கார நீரில் போடுங்கள்.

எலிப்பாசாணம்: பூனை உள்ள வீட்டில் வைக்க வேண்டாம். நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனையும் சாகக்கூடும்.

வீட்டார் பாதுகாப்பு

பூனை இருந்தாலும் எலிக்காய்ச்சல் பற்றி அசட்டையாக இருக்கக் கூடாது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் இந்நோய் உயிர்களைப் பலிகொண்டது. காயமுள்ள காலோடு வயல் நீரில் இறங்குவதைத் தவிருங்கள். காய்ச்சல் கண்டால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கர்ப்பிணித் தாய்மார் பூனையின் மலத்தை அள்ளக் கூடாது. கருவிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும் கிருமி அதில் இருக்கலாம். வேறொருவர் நாள்தோறும் அள்ளிப் புதைத்து, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவட்டும். பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தை 15 நிமிடம் சவர்க்கார நீரால் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர்நோய் பூனையாலும் பரவும். பூனைக்கும் தடுப்பூசி உண்டு.

எப்பொழுது வைத்தியரிடம் செல்வது?

ஒரு முழு நாள் எதுவும் உண்ணாவிட்டால், தொடர்ந்து வாந்தி எடுத்தால், கண்ணும் முரசும் மஞ்சளானால் தாமதிக்க வேண்டாம். வாயில் நீர் வடிந்து குணம் மாறினால் அதைத் தொடாமல், எவரையும் கிட்ட விடாமல், உடனே அறிவியுங்கள். நன்றாக உண்டும் நிறை குறையும் வயது போன பூனைக்குச் சிறுநீரக நோயோ வேறு உள்நோயோ இருக்கலாம். புழு மருந்து கொடுத்து, மேற்கூறியவாறு உணவளித்தும் நான்கு கிழமையில் நிறை கூடவில்லையானால், நிறை குறித்த கலண்டர்த் தாளையும் எடுத்துக்கொண்டு அரச கால்நடை வைத்தியரிடம் செல்லுங்கள். காரணத்தை அறிய அத்தாள் அவருக்கு மிகவும் உதவும்.